பதினேழாம் எண் டப்பா

"அம்மா, உன் நெஞ்சுக்குள்ள யாரும்மா கதவத் தட்டிக்கிட்டே இருக்காங்க?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. பள்ளிக்குப் புறப்படுமுன் அம்மாவின் மடியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். அம்மா இருமும்போதெல்லாம் அவளுடைய சின்ன முதுகு குலுங்கியது.

"வாடகை கேட்டு யாரோ வந்திருக்காங்க. அம்மா வீட்ல இல்லன்னு சொல்லிடு."

மகள் உடனே திரும்பி, அம்மாவின் நெஞ்சில் வாயை வைத்து, "அம்மா வீட்ல இல்ல!" என்று சத்தமாகச் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாக மாறி நிற்க வெகுநேரம் ஆயிற்று. மறுநாளிலிருந்து அம்மா மகளை எதிரே முக்காலியில் உட்காரவைத்து, கையை நீட்டித் தலை வாரினாள். ஏனென்று மகள் கேட்டதற்கு, "நீ பெரிய பிள்ளை ஆயிட்டே" என்றாள்.

சலவைக்கூடத்தில் அம்மாவை நெட்டை என்றே கூப்பிட்டார்கள். எண்பது பேர் வேலை செய்யும் அந்தக் கூடத்தில் அவள் அளவுக்கு உயரமான பெண் வேறு யாரும் இல்லை. மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, நீராவி உருளையில் கொடுத்து, மடித்துத் திருப்பி அனுப்புவது அங்கே தொழில். நெட்டை மடிப்புப் பகுதியில் இருந்தாள். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவளுக்கு எதிரே நிற்பவள் சிட்டு. குள்ளம், மெலிந்த உடம்பு, ஓயாத வாய், எட்டு மாதக் கைக்குழந்தைக்குத் தாய்.

உருளையிலிருந்து விரிப்பு சூடாக வெளியே வரும். ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து விறைப்பாக இழுத்து ஓர் உதறு உதற வேண்டும். பிறகு நாலு எட்டு எதிரெதிரே நடந்து வந்து, சிட்டு தன் மூலைகளை நெட்டையின் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, கீழே தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடி எதிரே வருவாள். ஒரு விரிப்புக்கு மூன்று தடவை இருவர் முகமும் ஒரு சாண் இடைவெளியில் வந்து போகும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு.

"என் வீட்டுக்காரர் முகத்தக்கூட இத்தன வாட்டி பாத்ததில்லக்கா" என்பாள் சிட்டு.

"அதனாலதான் உன் குடும்பம் சண்டையில்லாம ஓடுது."

"உனக்கு அந்தக் கவலையே இல்ல. உன் ஆளு வெளியூருக்கு வேலைக்குப் போனவரு, போனவருதான்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் நெட்டைக்குக் கோபம் வந்திருக்கும். சிட்டு சொன்னால் சிரிப்புதான் வந்தது. கணவனிடமிருந்து தகவல் நின்று நாலு வருஷமாகிறது. தனியாக ஒரு பிள்ளையை வளர்க்கிறவளிடம் ஊர் கேட்கிற கேள்விகளை எல்லாம் சிட்டு ஒருத்திதான் நேருக்கு நேராகக் கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் சாப்பாட்டில் பாதியையும் எடுத்துக் கொடுப்பாள்.

நெட்டையின் இருமல் மூன்று மாதமாக இருந்தது. கூடத்தில் அது ஒரு பெரிய விஷயமாக யாருக்கும் படவில்லை. பஞ்சுத் தூசி எப்போதும் வெயிலில் மிதந்துகொண்டிருக்கும். வெளுப்பு மருந்தின் நெடி தொண்டையைப் பிடிக்கும். அங்கே பாதிப் பேர் இருமினார்கள், மீதிப் பேர் தொண்டையைச் செருமினார்கள். சிட்டு மட்டும் இருமுவதில்லை. அவள் பிள்ளை பெற்றபின் இளைத்துப்போனாள், அவ்வளவுதான். ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தும் தோளில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தாள். "குட்டிப் பிசாசு மொத்தத்தையும் உறிஞ்சிடுது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கும் என்பாள். நீராவிக்குப் பக்கத்தில் நிற்பவளுக்கு உடம்பு கதகதக்காமல் எப்படி இருக்கும்?

அப்படித்தான் உருளைக்காரரைப் பற்றியும் எல்லோரும் நினைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஐந்தடி தள்ளி நின்று விரிப்புகளை உருளைக்குள் கொடுப்பவர். ஒரு வருஷம் இருமினார். ஒரு டாக்டர் பீடியால் என்றார், ஒருவர் தூசியால் என்றார், மருந்துக் கடைக்காரர் எதுவும் சொல்லாமல் சிவப்பு நிறத்தில் ஒரு பாட்டில் கொடுத்தார். கடைசியில், எந்த மருத்துவமனையின் விரிப்புகளை அவர் தேய்த்தாரோ அதே மருத்துவமனையில் போய்ப் படுத்தார். அங்கே சளியைப் பரிசோதித்துக் காசநோய் என்று கண்டுபிடித்த ஏழாம் நாள் இறந்துபோனார்.

"அவர் படுத்திருந்த பெட்ஷீட்டும் நம்மகிட்டதான் வந்திருக்கும்" என்றாள் சிட்டு. அன்றைக்கு அவள் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் உருளையை நிறுத்திவிட்டு எல்லோரையும் நடுக்கூடத்தில் நிற்கச் சொன்னார்கள். மேலாளருக்குப் பக்கத்தில் சுகாதார மையத்து அம்மா ஒருத்தி, மூக்குக் கண்ணாடியும் தோளில் பெரிய பையுமாக நின்றாள். பையில் மூடி போட்ட சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள். அன்று மதியத்துக்குள் அவளுக்கு டப்பாக்காரம்மா என்று பெயர் வந்துவிட்டது.

"எல்லாருக்கும் பாத்துடலாம் சார். இருமாதவங்களுக்குள்ளயும் இருக்கலாம்" என்றாள் டப்பாக்காரம்மா.

"இருமாதவங்களுக்கு எதுக்கும்மா? அப்பறம் நான் கூடத்தப் பூட்டிட்டு வீட்ல உக்காரவா? இருமறவங்க மட்டும் குடுத்தாப் போதும்." மேலாளர் தொழிலாளர் பக்கம் திரும்பினார். "நோய் இருக்குன்னு வந்தா வீட்டுக்குப் போய் உடம்பப் பாத்துக்கோங்க. ஆனா எடத்தப் பிடிச்சு வெச்சிருக்க முடியாது. இன்னொண்ணு. மாத்திக் கீத்திக் குடுத்தா, வாங்கினவங்களும் வெளிய, குடுத்தவங்களும் வெளிய. இருமல் இருக்கறவங்க முன்னால வாங்க."

யாரும் அசையவில்லை. உருளை நின்றுபோன கூடத்தில் நீராவிக் குழாய் மட்டும் உஸ்ஸென்றது. எண்பது பேர் இருமாமல் நின்றார்கள். சிலர் கூரையைப் பார்த்தார்கள், சிலர் எச்சில் விழுங்கினார்கள். வெளுப்புத் தொட்டிக்காரரின் முகம் சிவந்து வீங்கியது. நெட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினாள். இருபது வரை வந்தாள். கண்ணில் நீர் முட்டியது. சிட்டு அவள் விரல்களைப் பிடித்து அழுத்தினாள். முப்பத்தொன்றில் நெட்டையின் நெஞ்சு உடைத்துக்கொண்டது. அவள் இருமியதும் அணை உடைந்ததுபோல அங்கங்கே இருமல்கள் எழும்பின. தொட்டிக்காரர் இருமி இருமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இருபத்திரண்டு பேருக்கு டப்பா கொடுத்தார்கள். நெட்டையின் டப்பாவில் ஒட்டியிருந்த எண் பதினேழு.

"காலைல எந்திரிச்சதும், பல்லு தேய்க்கறதுக்கு முன்னால. எச்சில் வேணாம்மா, நெஞ்சிலேர்ந்து வரணும்" என்று டப்பாக்காரம்மா ஒவ்வொருவரிடமும் சொன்னாள். நெட்டையிடம் வந்தபோது அவள் தோளைத் தொட்டு, "பயப்படாதீங்க. இருந்தாலும் குணமாயிடும்" என்றாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நெட்டை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருமினாள். டப்பாவுக்குள் விழுந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மஞ்சளாக, ஓரத்தில் நூல்போல ஒரு சிவப்பு. ஈறிலிருந்து வந்திருக்கலாம். அவளுக்கு உருளைக்காரரின் ரத்தக்கறை படிந்த கைக்குட்டை ஞாபகம் வந்தது. வெளியே மகள் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் இந்த அறை போகும். அறை போனால் பள்ளிக்கூடம் போகும். இந்த உயரத்தில் ஒருத்தி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு எந்தத் தெருவில் போய் நின்றாலும் எல்லோர் கண்ணிலும் படுவாள். "கடவுளே, எனக்கு ஒரு வழி காட்டு" என்றாள். என்ன வழி கேட்கிறோம் என்று அவளுக்கே தெரிந்திருந்ததால் அதற்கு மேல் வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. டப்பாவைக் கொட்டிவிட்டு வெந்நீர் விட்டு மூன்று தடவை அலசினாள்.

உலர்த்தும் கொடிகளுக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறைச் சந்தில் சிட்டுவை நிறுத்திக் கேட்டாள். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

"அட, இதுக்குப் போயா அழுவே? தங்கமா கேட்டே? துப்பல்தானேக்கா கேட்டே" என்றாள் சிட்டு.

"தெரிஞ்சா உன்னையும் அனுப்பிடுவாங்க. நல்லா யோசிச்சுக்க."

"யோசிச்சா எட்டு மணி ஆயிடும், டப்பா வாங்க வந்துடுவாங்க. டப்பாவக் குடு."

சிட்டு தொண்டையைக் காறினாள். எச்சில்தான் வந்தது. "எனக்குச் சளியே வராதே! என்ன பண்ண?" குதித்தாள். தன் கையால் தன் முதுகில் குத்திக்கொள்ளப் பார்த்து எட்டாமல், "நீ குத்துக்கா, உன் கைதான் தென்னமட்டை மாதிரி இருக்கு" என்று திரும்பி நின்றாள். நெட்டை குத்தினாள். அவள் உள்ளங்கைக்குச் சிட்டுவின் முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சிட்டு ஆழமாக மூச்சை இழுத்து வேண்டுமென்றே இருமினாள். மறுபடி இருமினாள். மூன்றாவது இருமலில் ஏதோ பெயர்ந்துகொண்டு வந்தது.

"ஐயே! இது எங்கேர்ந்து வந்துச்சு?" டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "நேத்து ஐஸ் தண்ணி குடிச்சேன், அதுவா இருக்கும். இந்தாக்கா. பத்திரமா வெச்சுக்க, பேரன் பேத்திக்குக் காட்டலாம்."

அடுத்த நாலு நாளும் நெட்டை லேசாக இருந்தாள். இருமல்கூடக் குறைந்ததுபோலத் தோன்றியது. சிட்டு எதிரே வரும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் கண்ணடித்தாள். சிட்டுவின் பிள்ளைக்கு மீந்த துணியில் ஒரு சட்டை தைத்துக் கொடுக்க வேண்டும் என்று நெட்டை நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் டப்பாக்காரம்மா அவள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். அக்கம்பக்கத்துக்குத் தெரியாமலிருக்கப் பையைத் துணியால் மூடியிருந்தாள். உள்ளே வந்ததும் முதல் காரியமாக ஜன்னலைத் திறந்துவைத்தாள். பிறகு மகளை விளையாட அனுப்பச் சொன்னாள். நெட்டை மகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உங்க சளியில கிருமி இருக்கும்மா. பயப்படாதீங்க, கண்டுபிடிச்சாச்சு. ஆறு மாசம் மாத்திரை, விடாம சாப்பிடணும். பணம் ஒண்ணும் வேண்டாம்."

"பதினேழா?" என்றாள் நெட்டை.

"பதினேழுதான்."

"நல்லாப் பாத்தீங்களா? வெறும் ஒண்ணுன்னு இருக்கும். இல்ல, வெறும் ஏழுன்னு இருக்கும்."

"ரெண்டு தடவ பாத்தாச்சு. இந்த டப்பாவுல நெறையவே இருந்துச்சும்மா." டப்பாக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க? கைக்குழந்தை ஏதாவது இருக்கா? சின்னப் பிள்ளைங்களுக்கு வேகமாப் பரவும். அதுங்க மூளை வரைக்கும்கூடப் போயிடும். அதான் கேக்கறேன்."

நெட்டை ஜன்னலைப் பார்த்தாள். தெருவில் மகள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் சொல்லிவிடலாம். வாங்கினவங்களும் வெளிய, குடுத்தவங்களும் வெளிய. அவள் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"நாளைக்குக் காலைல மகளையும் கூட்டிக்கிட்டு மையத்துக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு டப்பாக்காரம்மா போனாள். போகும்போது வாசலில் நின்று, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவள் சொல்லவில்லைதான். ஆனால் கூடத்திலிருந்து கேட்டவுடன் அவளுடைய அலுவலகம் எண்களின் பட்டியலை அனுப்பியிருந்தது. திங்கட்கிழமை வாசலில் காவல்காரர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு நெட்டையைத் தடுத்து நிறுத்தினார். பத்து வருஷப் பழக்கமுள்ள மனிதர். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மூன்றடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"மேனேஜர் சொல்லிட்டாரும்மா. நீ கெளம்பு. சம்பளத்த வீட்டுக்கே குடுத்து அனுப்பறாங்களாம்."

"அண்ணே, சிட்டுகிட்ட ஒரு வார்த்த பேசணும்."

"எட்ட நில்லும்மா. எனக்கும் பிள்ளகுட்டி இருக்குல்ல."

வேலி வழியாக மடிப்புப் பகுதியின் ஒரு மூலை தெரிந்தது. சிட்டுவுக்கு எதிரே புதிதாக ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். போன வாரம் மூட்டை பிரிக்கச் சேர்ந்தவள், கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகிறது. அவளுக்கு நடை பிடிபடவில்லை. சிட்டு அவள் கையைப் பிடித்து, மூலையை எப்படிச் சேர்ப்பது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் எதற்கோ சிரித்தார்கள். நாலு எட்டு பின்னால், நாலு எட்டு முன்னால். நெட்டை கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்த இரண்டு முகங்களும் நெருங்குவதை எண்ண ஆரம்பித்தாள். எண்ணிக்கை நூறைத் தாண்டியபோது கம்பியை விட்டுவிட்டு, சிட்டுவின் வீடு இருக்கும் சந்தைப் பார்த்து நடந்தாள்.

பகல் இடைவேளையில் சிட்டு பிள்ளைக்குப் பால் கொடுக்க வீட்டுக்கு ஓடுவாள். இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. பிள்ளையை நாத்தனார் பார்த்துக்கொள்வாள். அன்றும் ஓடிவந்தாள். சந்து முனையில் நெட்டையைக் கண்டதும் சட்டென்று நின்று, தலைத்துண்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கிட்ட வராதக்கா. கோவிச்சுக்காத. பிள்ளைக்குப் பால் குடுக்கப் போறேன், அதான்." அவள் கண் கலங்கியிருந்தது. "எப்படிக்கா? நாம குடுத்த டப்பாவ மாத்திட்டாங்களா? வேற யாரோடதோ உன் தலையில கட்டிட்டாங்களா?"

"யாரும் மாத்தல."

"பின்ன?"

"சிட்டு, அது உன்னோடது."

சிட்டு சிரித்தாள். துண்டுக்குள்ளிருந்து சிரிப்பு மட்டும் வந்தது. பிறகு அது நின்றுபோயிற்று. துண்டு மூச்சுக்கு ஏற்ப உள்ளே போய் வெளியே வந்தது.

"நான் இருமறதே இல்லையேக்கா."

"தெரியும்."

"நீதானே இருமறே! மூணு மாசமா என் மூஞ்சிலதானே இருமினே! நீ குடுத்ததுதான் இது. தெனம் தெனம் நீயே குடுத்துட்டு, அதையே என்கிட்டேர்ந்து டப்பாவுல வாங்கிட்டுப் போயிருக்கே!"

"இருக்கலாம்" என்றாள் நெட்டை. "எனக்கு இன்னும் பாக்கல. இருக்கலாம்."

"இல்ல நான் உனக்குக் குடுத்தேனா? உருளைக்காரர் நம்ம ரெண்டு பேருக்கும் குடுத்தாரா? அவருக்கு யாரு குடுத்தா?" சிட்டுவின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அப்போது சந்துக்குள்ளிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது. பசித்து அழும் அழுகை. சிட்டுவின் கால் தானாக ஓர் எட்டு வைத்தது. பிறகு நின்றது. ரவிக்கையின் முன்புறம் பாலில் நனைந்து வட்டமாகப் பரவியது. அவள் கைகளைக் குறுக்கே வைத்து அழுத்திக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"எட்டு மாசம் ஆச்சுக்கா" என்றாள். "தெனமும் அது மூக்கும் என் மூக்கும் உரசிக்கிட்டேதான் தூங்கும்."

பிள்ளையின் அழுகை ஏறியது. நாத்தனார் எட்டிப் பார்த்து, "அண்ணி, வாசல்ல என்ன பேச்சு? இது கத்திக் கத்தி நீலமாப் போகுது!" என்று கூவினாள்.

"பால் குடுக்கலாமா கூடாதா? எனக்குத் தெரியலையே. யாரையாவது கேட்டுச் சொல்லுக்கா. ஓடுக்கா!"

நெட்டை ஓடினாள். மையம் முக்கால் மைல் தூரம். பாதி வழியில் இருமல் பிடித்துக்கொண்டு ஒரு கடையின் படியில் மடங்கினாள். கடைக்காரர் தண்ணீர்க் குவளையைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டார். குடிக்காமல் எழுந்து ஓடினாள். டப்பாக்காரம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். நெட்டை நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு வாங்கியதால் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. யார், எந்தச் சந்து, எத்தனை மாதப் பிள்ளை, யார் முதுகில் யார் குத்தியது வரை சொன்னாள்.

டப்பாக்காரம்மா சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தாள். கோபப்படுவாள் என்று நெட்டை காத்திருந்தாள்.

"பால் குடுக்கலாம்" என்றாள் டப்பாக்காரம்மா. "மொதல்ல அதப் போய்ச் சொல்லுங்க. மூக்கையும் வாயையும் நல்லாக் கட்டிக்கிட்டு, ஜன்னல் பக்கத்துல உக்காந்து குடுக்கச் சொல்லுங்க. குடுத்து முடிச்சதும் பிள்ளையோட இங்க வரணும்." கையை அலம்பிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "நீங்க செஞ்சது தப்புதாம்மா. ஆனா அன்னிக்கு நீங்க கேக்காம இருந்திருந்தா அந்தப் பொண்ணுக்கு யாரும் ஒரு டப்பா குடுத்திருக்க மாட்டாங்க. கடவுள் எந்த வழியா வர்றாருன்னு நமக்கு என்ன தெரியுது. ஓடுங்க."

அன்று மாலையே சிட்டுவின் பெயரில் ஒரு சீட்டும் நெட்டையின் பெயரில் ஒரு சீட்டும் எழுதினார்கள். இரண்டு புது டப்பாக்கள். பிள்ளையைத் தராசில் போட்டபோது முள் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. ஆனால் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்ததில் நோய் எதுவும் தெரியவில்லை. நோய் வராமலிருக்க மருந்து ஆரம்பித்தார்கள். டப்பாக்காரம்மா அதைப் பொடித்துப் பாலில் கரைத்துப் புகட்டிக் காட்டினாள். பிள்ளை துப்பியது. மறுபடி புகட்டினாள்.

சிட்டு இரண்டு வாரம் கூடத்துக்குப் போகவில்லை. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லி அனுப்பினாள். ஒவ்வொரு நாளும் காலையில் மையத்துக்கு வந்து, டப்பாக்காரம்மாவின் முன்னால் மாத்திரைகளை விழுங்கினாள். முதல் நாட்களில் எல்லாம் வாந்தியாக வெளியே வந்தது. புதுப்பெண்ணின் பெயரையும் விலாசத்தையும் சிட்டுவே சொன்னாள். டப்பாக்காரம்மா அவள் வீட்டுக்கும் பையை மூடிக்கொண்டு போய் வந்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த அன்றுதான் சிட்டு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மூன்றாவது வாரம், இனி வேலைக்குப் போகலாம், யாருக்கும் பரவாது என்று டாக்டர் சொன்னார். சிட்டு போனாள். பதினேழாம் எண்ணுக்குப் பயந்து அங்கே எல்லோருமே வாயில் துண்டு கட்டியிருந்ததால், அவள் கட்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

நெட்டைக்கு ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் பாத்திரம் துலக்கும் வேலை கிடைத்தது. தெரிந்தவர்கள் யாரும் வராத பகுதி. சம்பளம் பாதிதான். நாள் முழுக்க நீரில் நிற்க வேண்டும். அவளுடைய முடிவு வரத் தாமதமாயிற்று. சளியை இரண்டாம் முறையும் கேட்டார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவை மையத்துக்கு வரச் சொன்னபோதும் அவள் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, தனக்கு ஏதாவது ஆனால் அவள் யாரிடம் போக வேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டு வந்தாள்.

ஒரு வியாழக்கிழமை டப்பாக்காரம்மா மையத்தின் வாசல்வரை வந்து காகிதத்தை நீட்டினாள்.

"உங்ககிட்ட ஒண்ணும் இல்லம்மா! சளியிலயும் இல்ல, படத்துலயும் இல்ல. தூசியும் அந்த வெளுப்பு மருந்தும்தான் உங்க நெஞ்சப் புண்ணாக்கியிருக்கு. மகளுக்கும் ஒண்ணும் இல்ல. இதுல டாக்டர் கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு. வெச்சுக்கோங்க." உள்ளே யாரோ கூப்பிட, அவள் நெட்டையின் கன்னத்தைத் தட்டிவிட்டு ஓடினாள்.

நெட்டை தெருவில் இறங்கினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள். "கடவுளே, கடவுளே" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை. கால்கள் நேராகச் சலவைக்கூடத்தின் பக்கம் போயின. மேலாளரிடம் எப்படிப் பேசுவது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். சார், எனக்கு நோய் இல்ல சார். இதோ பாருங்க, முத்திரை. அவர் வாங்கிப் படிப்பார். கண்ணாடியைக் கழற்றுவார். சரிம்மா, உனக்கு இல்ல. அப்போ அந்தப் பதினேழு யாரோடது?

அவள் நடை மெதுவானது. வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஆய்வகத்தில் தப்பு நடந்திருக்கும் சார். அப்படியென்றால் அவர் ஆய்வகத்தைக் கேட்பார். அவர்கள் ரெண்டு தடவை பார்த்தோம் என்பார்கள். அப்புறம், அந்த வாரம் பதினேழுக்கு எதிரே நின்றவள் யார், அடுத்த வாரமே இரண்டு வாரம் லீவு போட்டவள் யார் என்று கேட்க மேலாளருக்கு அதிக நேரம் பிடிக்காது. எந்த வாக்கியத்தில் ஆரம்பித்தாலும் அது சிட்டுவின் பெயரில் போய் முடிந்தது.

கூடத்தின் பின்சுவரோரமாக ஆளில்லாத ஒரு மண்பாதை. அங்கே அவள் நின்றாள். உயரத்தில் இருந்த காற்றுத் துளைகள் வழியாக உருளையின் இரைச்சலும் அதற்கு மேலே சிட்டுவின் குரலும் வந்தன.

"மூலைய இழுடி! உன் வீட்டுக்காரர் காத நினைச்சுக்கிட்டு இழு!"

புதுப்பெண் கொல்லென்று சிரித்தாள். சிட்டுவின் குரலில் முன்பில்லாத ஒரு தெம்பு இருந்தது. மாத்திரை இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் பாக்கி. பிள்ளைக்கு மருந்து பாக்கி. உள்ளே வேறு யாரோ ஒருவர் இருமினார். நெட்டைக்குத் தெரியாத இருமல்.

சுவரின் அடியிலிருந்து சாக்கடை திறந்து ஓடியது. வெளுத்த விரிப்புகளின் தண்ணீர், வெதுவெதுப்பாக, வெள்ளை நுரையோடு. நெட்டை பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை. காகிதத்தை விரித்து, தன் பெயர் எழுதியிருந்த இடத்தை ஒருமுறை படித்தாள். கையில் இருந்தால் என்றைக்காவது ஒருநாள், பசித்த ஒரு நாளில், எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம் என்று தோன்றியது. குனிந்து அதை நுரையின் மேல் வைத்தாள்.

அது சிறிது தூரம் நனையாமல் மிதந்தது. பிறகு ஓரங்கள் கறுத்து, முத்திரையின் மை நீலமாகக் கரைந்து, தெரு முனையில் இருந்த குழாய்க்குள் போயிற்று. கடையில் மதியப் பாத்திரங்கள் விழ ஆரம்பித்திருக்கும். அவள் வேகமாக நடந்தாள்.